கிட்னிக்கு எதற்கு நரம்பு மாத்திரை?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 64 வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருடமாக பிரஷர் இருக்கிறது. கிரியேட்டினின் 1.9. டெல்மிசார்ட்டன், அம்லோடிபின் 10, காலையில் ஃப்ரூசெமைடு 40, மூன்று வேளையும் குளோனிடின் சாப்பிடுகிறார். அப்படியும் பிரஷர் 170-க்குக் கீழே இறங்கவில்லை என்று இரவுக்கு பிரசோசின் சேர்த்தார்கள். பிரஷர் 140-க்கு வந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் எடை மூன்று கிலோ ஏறி, இரண்டு காலும் வீங்கிவிட்டது. சமையலில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால், "குளோனிடின், பிரசோசின் ரெண்டுமே நரம்பு வழியா வேலை செய்யற மாத்திரைம்மா" என்கிறார். கிட்னி நோயாளிக்கு நரம்பு மாத்திரை எதற்கு? அதனால்தான் கிட்னி உப்பை வெளியேற்ற மாட்டேன் என்கிறதா? வாய் வறள்கிறது, தூக்கமாக வருகிறது என்று போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போன இரண்டு நாளும் அப்பா குளோனிடினை நிறுத்திவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பிரஷர் 210! மூட்டு வலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபினாக்கும் போட்டுக்கொள்கிறார். பி.கு.: உப்புக்குப் பதில் இந்துப்பு போடலாமா?
— ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

மெடிக்கல் ஷாப்காரர் சொன்னது சரிதான். ஆனால் நம் ஊரில் 'நரம்பு மாத்திரை' என்றாலே வலிப்பு, மனநோய், தூக்கமின்மை என்று எண்ணம் போய்விடுகிறது. இங்கே பேச்சு வேறு ஒரு நரம்பைப் பற்றி.

சிறுநீரகத்துக்குள் நுழையும் தமனியின் மேல், பந்தக்காலில் கொடி சுற்றியதுபோல மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. பாடப்புத்தகத்தில் பரிவு நரம்புகள், வார்டில் சிம்பதெடிக். பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அதே கூட்டத்தைச் சேர்ந்தவை. 1859-இலேயே பிரான்ஸில் கிளாட் பெர்னார், மயக்கத்தில் இருந்த நாயின் ஒரு பக்கத்து வயிற்று நரம்பை வெட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்திலிருந்து மட்டும் சிறுநீர் கூடுதலாக வந்தது. அதாவது, நரம்பு இருக்கும்வரை அது நீரையும் உப்பையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு உப்பு என்று கணக்குப் போட்டால் விஷயம் புரியும். நல்ல சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் கரைந்திருக்கும் சோடியத்தைச் சமையல் உப்பாக மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அவ்வளவும் நுண்குழாய்களில் இறங்கி, 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சப்பட்டு, நாம் அன்றைக்குச் சாப்பிட்ட அளவு உப்பு மட்டும் வெளியே போகிறது. உங்கள் அப்பாவின் கிரியேட்டினின் அளவை வைத்துப் பார்த்தால் அவருக்கு வடிகட்டல் ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அப்படியும் தினம் 450 கிராம் உப்பு குழாயில் இறங்குகிறது.

இப்போது அந்த மூன்று கிலோவுக்கு வருவோம். உடம்பில் ஒரு லிட்டர் நீர் தேங்க வேண்டுமென்றால் கூடவே சுமார் 9 கிராம் உப்பும் தேங்க வேண்டும். மூன்று லிட்டருக்கு 27 கிராம். இரண்டு வாரத்துக்குப் பிரித்தால் நாளைக்கு இரண்டு கிராம்கூட இல்லை. 450 கிராம் கையாளும் இடத்தில் இரண்டு கிராம் கூடுதலாக நிறுத்தி வைத்தாலே கால் வீங்கிவிடும். அதனால் வீக்கத்தைப் பார்த்ததும் 'கிட்னி போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம்.

நரம்பு அந்த இரண்டு கிராமை எப்படிப் பிடிக்கிறது? விலங்குகளில் அந்த நரம்பை மின்சாரத்தால் மெதுவாகத் தூண்டிப் பார்த்திருக்கிறார்கள். விநாடிக்கு அரைத் துடிப்பு அளவில் முதலில் ரெனின் என்ற பொருள் கூடுதலாகச் சுரக்கிறது. பீட்டா-1 ஏற்பிகள், அதாவது நரம்பின் செய்தியை உள்ளே வாங்கும் ஒரு வகை வாசல்கள், வழியாக நடப்பது அது. ஒரு துடிப்புக்கு வந்தால் நுண்குழாய்கள் உப்பைக் கூடுதலாக உறிஞ்சுகின்றன. அது ஆல்ஃபா-1 என்ற இன்னொரு வகை வாசலின் வேலை. அந்தக் கட்டத்தில் ரத்த ஓட்டம் கொஞ்சமும் குறைந்திருக்காது. இன்னும் வேகமாக, இரண்டுக்கு மேல் போனால்தான் ரத்தக் குழாய் சுருங்கி வடிகட்டலே குறைகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது, கிரியேட்டினினிலும் ஒன்றும் தெரியாது. உப்பு மட்டும் சத்தமில்லாமல் தங்கும்.

இன்னொன்று. பழுதுபட்ட சிறுநீரகம் சும்மா இருப்பதில்லை. அது தன் பக்கத்திலிருந்து மூளைக்கு இடைவிடாமல் தகவல் அனுப்பி, பரிவு நரம்புகள் முழுவதையும் முடுக்கிவிடுகிறது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் டயாலிசிஸ் நோயாளிகளின் கால் நரம்பில் நுண்ணூசி செருகி அளந்தார்கள். பழைய சிறுநீரகம் உள்ளே இருந்தவர்களுக்கு நரம்புத் துடிப்பு மிக அதிகம். இரண்டையும் அறுவை செய்து எடுத்துவிட்டவர்களுக்கு, அவர்களும் டயாலிசிஸில்தான் இருந்தார்கள், சாதாரண ஆட்களுக்கு இருக்கும் அளவுதான். கிட்னி நோயாளிக்கு நரம்பு மாத்திரை எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான். அவருக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

சரி, குளோனிடின். 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இதை மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தாகத்தான் தயாரித்தார்கள். ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டுப் பார்க்க, அவர் ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டார்; பிரஷரும் நாடியும் இறங்கிக் கிடந்தன. உங்கள் அப்பாவின் தூக்கமும் வாய் வறட்சியும் இந்த மருந்தோடு கூடவே பிறந்தவை, அவர் கற்பனை இல்லை. இது மூளைத்தண்டில் உள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டுகிறது. அவை பிரேக் மாதிரி. பிரேக்கை மிதித்தால், சிறுநீரகத்துக்குப் போகும் துடிப்பு உட்பட எல்லாம் தணியும். ரெனினும் குறையும்.

காலைத் திடீரென்று எடுத்தால்? மேலத்தெரு இறக்கத்தில் வண்டி ஓடுகிற கதைதான். இரண்டு நாள் நிறுத்தியதும் 210 ஏறியது அதனால். இந்த எழுச்சி பெரும்பாலும் முதல் ஓரிரண்டு நாளிலேயே வந்துவிடும். கூடவே படபடப்பு, வியர்வை, தலைவலி. கல்யாணமோ காதுகுத்தோ, இந்த மாத்திரையைப் பையில் வைக்காமல் ஊருக்குக் கிளம்பக் கூடாது. தூக்கம் தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், இரவில் கூட்டிப் பகலில் குறைக்கலாம், அல்லது படிப்படியாக இறக்கி வேறு மருந்துக்கு மாறலாம். அவராக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

இனி பிரசோசின். உங்கள் கடிதத்தில் எனக்குச் சுவாரசியமான இடம் இதுதான். எம்.டி. மாணவர்களிடம் வாய்மொழித் தேர்வில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிரசோசின் கொடுத்தால் உப்பு வெளியேறுமா, தங்குமா?" பலர் யோசிக்காமல், "வெளியேறும் சார்" என்பார்கள். அவர்கள் சொல்லும் காரணமும் நியாயமானது. உப்பை உறிஞ்சச் சொல்லும் நரம்பு ஆல்ஃபா-1 வழியாகத்தான் பேசுகிறது. பிரசோசின் அந்த வாசலை அடைக்கிறது. அப்புறம் உப்பு எப்படித் தங்கும்?

தங்குகிறதே! உங்கள் அப்பாவின் காலே சாட்சி.

ஏனென்றால் மாத்திரை சிறுநீரகத்துக்கு மட்டும் போவதில்லை. உடம்பு முழுக்க ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் இறங்குகிறது. நமக்கு 140 நல்ல செய்தி. பதினைந்து வருடமாக 170-க்குப் பழகிவிட்ட உடம்புக்கு அது நல்ல செய்தி என்று தெரியாது. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை வேவு பார்க்கும் இடங்கள், 'ரத்தம் எங்கேயோ கசிகிறது போலிருக்கிறது' என்ற ரீதியில் மூளைக்குச் சொல்கின்றன. மூளை பரிவு நரம்பை முடுக்குகிறது. ஆல்ஃபா வாசல்தான் அடைபட்டிருக்கிறது. பீட்டா வாசல் திறந்தே கிடக்கிறது. ரெனின் ஏறுகிறது. அதன் பின்னால் ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின், அதன் பின்னால் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன், கடைசியில் உப்பு. போதாக்குறைக்கு, 170 அழுத்தத்தில் தள்ளினால்தான் உப்பை வெளியே விடுவேன் என்று பழகிப்போன சிறுநீரகத்துக்கு அந்தத் தள்ளுவிசையும் இப்போது குறைந்துவிட்டது.

டெல்மிசார்ட்டன் ஆஞ்சியோடென்சின் வாசலை அடைக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அடைக்கும், ஆஞ்சியோடென்சின் நரம்பு முனைகளை உசுப்பிவிடுவதையும் ஓரளவு குறைக்கும். அது இல்லாவிட்டால் மூன்று கிலோ ஐந்து கிலோவாக இருந்திருக்கலாம். ஆனால் தள்ளுவிசை குறைந்த கணக்கை அதனால் ஈடுகட்ட முடியாது.

இது பழைய வியாதி. ஒரு தலைமுறைக்கு முன் குவானெத்திடின் என்று ஒரு மருந்து இருந்தது. நரம்பு முனையையே வாயடைக்க வைப்பது. சில வாரம் நன்றாக வேலை செய்யும், பிறகு பிரஷர் மறுபடி ஏறும். மருந்து பழகிவிட்டது என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பார்த்தால், உடம்பில் உப்பு தேங்கி மருந்தின் பலனை விழுங்கியிருந்தது. ஒரு டையூரெடிக், அதாவது நீர் மாத்திரை, சேர்த்ததும் பழைய அளவே போதுமானதாக இருந்தது. ரத்தக் குழாயை விரிக்கும் மினாக்சிடில் என்ற பிரஷர் மருந்து, உப்பைத் தேக்குவதில் எல்லாவற்றையும் மிஞ்சியது. நாங்கள் அதை எழுதினால் பீட்டா வாசலை அடைக்கும் ஒரு பீட்டா பிளாக்கரையும் ஒரு நீர் மாத்திரையையும் இரண்டு பக்கமும் காவலுக்கு நிறுத்தாமல் எழுதுவதில்லை. பிரசோசினின் உறவுக்காரரான டாக்சாசோசினை அமெரிக்காவில் ஆல்ஹாட் என்ற பெரிய ஆய்வில் வைத்துப் பார்த்தார்கள். நீர் மாத்திரையான குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு இதயச் செயலிழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்ததால் 2000-இல் அந்தப் பிரிவை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பிரசோசின் கெட்ட மருந்து என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் வாரம் பத்துப் பேருக்காவது எழுதுகிறேன். உப்பை யார் வெளியேற்றப் போகிறார்கள் என்பதை முடிவு செய்யாமல் அதை எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த வேலைக்குத்தான் நீர் மாத்திரையான ஃப்ரூசெமைடு இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் வாயால் சாப்பிட்டால் அதன் வேகம் சுமார் ஆறு மணி நேரம். காலை ஏழுக்குப் போட்டால் மதியம் ஒன்றுக்கு ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். வேலை செய்த நேரத்தில் அது ரெனினையும் நரம்பையும் உசுப்பிவிட்டுப் போகிறது. மீதிப் பதினெட்டு மணி நேரமும் சிறுநீரகம் இழந்ததை மீட்கப் பார்க்கும். இரவுச் சாப்பாட்டில் உப்பு தாராளமாக இருந்தால் காலையில் போனது ராத்திரியே திரும்பிவிடும். கிரியேட்டினின் 1.9 இருக்கிற ஒருவருக்கு ஒரு வேளை 40 மிகி பல சமயம் போதாது. அளவைக் கூட்டுவதா, இரண்டு வேளையாக்குவதா, நீண்ட நேரம் வேலை செய்யும் வேறொன்றைச் சேர்ப்பதா என்பதை அப்பாவை நேரில் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பொட்டாசியம், சோடியம் பார்க்காமல் அதைச் செய்ய முடியாது.

நடுவில் அம்லோடிபினும் குட்டையைக் குழப்புகிறது. அதுவும் கால் வீக்கம் தரும், ஆனால் வேறு வகை. அங்கே உப்பு தேங்குவதில்லை; நுண்ணிய ரத்தக் குழாய்க்குள் அழுத்தம் கூடி, கணுக்காலில் நீர் கசிகிறது. எடை பெரிதாக ஏறாது, நீர் மாத்திரையும் அதை அவ்வளவாகக் குறைக்காது.

எப்படிப் பிரித்தறிவது? ஓ.பி.யில் நான் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வேன். வார் பதிந்த தடம் புறங்காலில் பள்ளமாக நிற்கும். பிறகு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து இருபது எண்ணும்வரை அழுத்துவேன். விரலை எடுத்ததும் குழி நின்றால், அங்கிருந்து நாலு விரற்கடை மேலே போய் மறுபடி. கணுக்காலோடு நின்றுவிட்டதா, முழங்கால் வரை ஏறுகிறதா? கடைசியில் படுக்க வைத்து இடுப்புக்குப் பின்னாலும் ஒரு முறை. இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். எடையோடு சேர்ந்து வந்த உங்கள் அப்பாவின் வீக்கம் பெரும்பாலும் உப்பு வீக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. இருந்தாலும் சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்று ஒரு டெஸ்டும், இதயத்துக்கு ஒரு எக்கோவும் எடுக்காமல் எல்லாப் பழியையும் பிரசோசின் மேல் போட மாட்டேன்.

டைக்ளோஃபினாக்கைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில்தான் கோபம் வந்தது, உங்கள் மேல் இல்லை, சீட்டில்லாமல் அதை விற்கிற பழக்கத்தின் மேல். நரம்பும் ஆஞ்சியோடென்சினும் சிறுநீரகத்தைப் பிழியும்போது, 'போதும் விடு' என்று உள்ளிருந்தே தடுப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள். டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன், அசெக்ளோஃபினாக் எல்லாம் அவற்றின் வாயைப் பொத்துகின்றன. உப்பு தங்கும், நீர் மாத்திரையின் பலன் குறையும், பிரஷர் ஏறும். டெல்மிசார்ட்டனும் ஃப்ரூசெமைடும் சாப்பிடுகிறவர் கூடவே இதையும் போட்டால் கிரியேட்டினின் சில நாளிலேயே எகிறலாம். மூட்டு வலிக்குப் பாராசிட்டமால், களிம்பு, ஒத்தடம். மூக்கடைப்புக்கு விற்கும் சளி மாத்திரைகளிலும் ஜாக்கிரதை. அவற்றில் ஃபினைலெஃப்ரின் இருந்தால், அது நாம் அடைக்கப் பாடுபடும் அதே ஆல்ஃபா-1 வாசலைத் திறந்துவிடும் சரக்கு.

ரெனினை விடுவிப்பது பீட்டா ஏற்பி என்றால், பீட்டா பிளாக்கர் ஒன்றைச் சேர்த்தால் என்ன என்று யோசித்திருப்பீர்கள். சேர்க்கலாம். ஆனால் குளோனிடினும் பீட்டா பிளாக்கரும் இரண்டுமே நாடியைக் குறைப்பவை. தவிர, அப்பா மாதிரி சொல்லாமல் குளோனிடினை நிறுத்துகிறவருக்கு, பீட்டா பிளாக்கர் உள்ளே இருந்தால் பிரஷர் எழுச்சி இன்னும் மோசமாகும். அவருடைய டாக்டர் அதை எழுதாததற்கு இது காரணமாக இருக்கலாம்.

மாத்திரையே வேண்டாம், அந்த நரம்பையே சுட்டுவிடலாமே என்று செய்தித்தாளில் படித்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு, சிறுநீரகத் தமனிக்குள்ளிருந்து வெப்பத்தால் நரம்பைக் கருக்கும் சிகிச்சை அது. 2009-இல் பெரிய எதிர்பார்ப்போடு வந்தது. 2014-இல், போலிச் சிகிச்சை (நரம்பைச் சுடாமல், சுட்டதுபோல் பாவனை மட்டும் செய்வது) பெற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வில் சறுக்கியது. கருவிகளைத் திருத்தி மறுபடி வந்து, 2023 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு கருவிகள் அனுமதி பெற்றன. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் பிரஷரில் கிடைக்கும் கூடுதல் இறக்கம் சராசரியாக 5 புள்ளி அளவில்தான். சிறுநீரகச் செயல்பாடு நன்றாகக் குறைந்தவர்களை அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு இப்போதைக்கு அந்த யோசனை வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போது அதன் நரம்புகள் எல்லாம் அறுந்துதான் வருகின்றன. அதுவும் உப்பை ஒழுங்காகக் கணக்குப் பார்க்கிறது. நரம்பு ஒரு முதலாளி, ஒரே முதலாளி இல்லை.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது: நாளைக் காலையிலிருந்து தினமும் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், அதே லுங்கியோடு எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு பிரஷர், எழுந்து நின்று இரண்டு நிமிடம் கழித்து ஒன்று; பிரசோசின் சாப்பிடுகிறவர் ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தலைசுற்றி விழ வாய்ப்புண்டு, கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணையை இரண்டாக்கினால்தான் தூக்கம் வருகிறது என்றால் வாரம்வரை காத்திருக்காமல் அன்றைக்கே.

பி.கு.வுக்கு வருகிறேன். இந்துப்பிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். 'லோ சோடியம்' என்று பாக்கெட்டில் போட்டு விற்கும் உப்பையும் வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், கிரியேட்டினின் 1.9-ம் டெல்மிசார்ட்டனும் இருக்கும் வீட்டில் அது ஆபத்து. சமையலில் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் ராத்திரி மோர்ச் சாதத்துக்கு அப்பா என்ன தொட்டுக்கொள்கிறார் என்று எழுதவில்லை. ஊறுகாயா, மோர்மிளகாயா, அப்பளமா? ஃப்ரூசெமைடு வீட்டுக்குப் போன பிறகு உள்ளே வருவது அதுதான். அந்தத் தட்டை ஒரு நாள் பார்த்துவிட்டு அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.